டிஐ2 எலக்ட்ரானிக் கியர்: வயர், கனெக்டர், ஜங்ஷன் பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிமானோ டிஐ2 பொருத்திய ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பெரும்பாலான பதில்கள் வயரில் ஓடும் 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) தலைமுறையைப் பற்றியவை, ஏனென்றால் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஐ2 சைக்கிள்களில் அதுதான் அதிகம். 12 ஸ்பீடுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது கடைசிக்கு முந்தைய கேள்வியில் இருக்கிறது. கியர் மாறவில்லை என்றதும் பலர் மோட்டாரையோ பேட்டரியையோ சந்தேகப்படுகிறார்கள். அரைகுறையாகச் செருகிய கனெக்டர், மூடாமல் விட்ட போர்ட் (வயர் செருகும் துளை), உரசித் தேய்ந்த வயர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு அவற்றுக்குப் போவதே செலவு குறைந்த வழி.

என் சைக்கிளுக்கு எந்த வயர்?

டிஐ2 வயர்களில் மூன்று தலைமுறை உண்டு. ஒன்று மற்றொன்றில் நேரடியாகச் சேராது.

முதலாவது 2009இல் விற்பனைக்கு வந்த டுரா-ஏஸ் 7970 என்ற ஷிமானோ கியர் செட். அதன் வயரும் கனெக்டரும் அந்த செட்டுக்கு மட்டுமே உரியவை. இரண்டாவது, 2011இல் அல்டெக்ரா 6770உடன் வந்த ஈ-டியூப் முறை. இதன் வயர் எஸ்.டி.50. டுரா-ஏஸ் 9070, 9150, அல்டெக்ரா 6870, 8050 எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. மூன்றாவது, 2021இல் டுரா-ஏஸ் 9200, அல்டெக்ரா 8100 ஆகியவற்றுடன் வந்த எஸ்.டி.300. 2022இல் வந்த 105 டிஐ2வும் இதே வகை. இதன் கனெக்டர் எஸ்.டி.50ஐவிட மெலிதாக இருப்பது கண்ணுக்கே தெரியும். எஸ்.டி.50ஐயும் எஸ்.டி.300ஐயும் இணைக்க ஏ.டி.305 என்ற அடாப்டர் உண்டு. ஆனால் வயர் சேர்ந்துவிட்டால் பாகங்களும் சேர்ந்து வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். 11 ஸ்பீடு ஷிஃப்டரை (ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றும் பட்டன் பாகம்) 12 ஸ்பீடு டெரெய்லரோடு (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) ஓட்ட இந்த அடாப்டர் உதவாது.

எந்தப் பாகத்தை எந்தப் போர்ட்டில் செருக வேண்டும்?

எதை எதில் செருகினாலும் சரிதான். ஈ-டியூப் வயருக்குள் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கின்றன. மின்சாரமும் தகவலும் அதே இரண்டு கம்பிகளில் போகின்றன. பாகங்கள் எல்லாம் இணையாக இணைக்கப்பட்டிருப்பதால், வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டில் எந்தத் துளையில் பிளக்கைச் செருகினாலும் ஃபேன் ஓடுவதுபோல, பின் டெரெய்லரை எந்தப் போர்ட்டில் போட்டாலும் அது யார் என்பது சிஸ்டத்துக்குத் தெரிந்துவிடும். பழுது தேடும்போது இந்தக் குணம் பெரிய உதவி, கீழே வருகிறது.

ஜங்ஷன் ஏ, ஜங்ஷன் பி என்கிறார்களே, என்ன வேறுபாடு?

ஜங்ஷன் என்பது பல வயர்கள் வந்து சேரும் சிறு பெட்டி. ஏ என்பது கண்ணுக்குத் தெரிவது: பட்டன், விளக்கு, சார்ஜ் துளை மூன்றும் அதில் இருக்கும். ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) அடியிலோ, ஹேண்டில்பார் முனையிலோ, ஃபிரேமின் கீழ்க்குழாயிலோ பொருத்தியிருப்பார்கள். ஈ.டபிள்யூ.90-ஏ வகையில் மூன்று போர்ட், 90-பி வகையில் ஐந்து. பி என்பது பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் ஃபிரேமுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு போர்ட் பெட்டி. உள்ளே வைப்பதற்கு ஜே.சி.41, வெளியே மாட்டுவதற்கு ஜே.சி.40. வழக்கமான அமைப்பில் இரண்டு ஷிஃப்டரும் ஏ-க்கு வரும், ஏ-யிலிருந்து ஒரு வயர் பி-க்கு இறங்கும், பி-யிலிருந்து பேட்டரி, முன் டெரெய்லர், பின் டெரெய்லர் மூன்றும் பிரியும். உங்கள் சைக்கிளில் எப்படிப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரைக் கையாலேயே செருகலாமா?

செருகலாம், ஆனால் முழுதாக உட்கார்ந்ததா என்பது தெரியாது. அதுதான் தொல்லை. பாதி உட்கார்ந்த கனெக்டரும் மின்சாரம் கடத்தும். கடையில் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் கியர் அழகாக மாறும். கரடுமுரடான ரோட்டில் இருபது கிலோமீட்டர் போன பிறகுதான் விட்டுவிட்டு வேலை செய்யும்.

எஸ்.டி.50க்கு டி.எல்-ஈ.டபிள்யூ.02 என்ற சிறிய பிளாஸ்டிக் கருவி, எஸ்.டி.300க்கு டி.எல்-ஈ.டபிள்யூ.300. இரண்டும் விலை குறைந்தவை. கனெக்டரில் உள்ள சிறு மேட்டை கருவியின் குறுகிய முனையில் உள்ள பள்ளத்தோடு பொருத்தி, வயரைக் கருவிக்குள் படுக்க வைத்து, போர்ட்டுக்கு நேர்க்கோட்டில் அழுத்த வேண்டும். ‘டக்’ என்று விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உட்காரவில்லை. கழற்ற, கருவியின் அகன்ற முனையைக் கனெக்டருக்கும் போர்ட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் கனெக்டருக்கு உள்ளே கம்பி அறுந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. கட்டிங் பிளேயரால் பிடித்து இழுப்பதும் ஸ்க்ரூடிரைவரால் கிளப்புவதும் போர்ட்டின் விளிம்பை உடைக்கும்.

மாதம் ஒருமுறை எல்லா கனெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா?

வேண்டாம். இந்தக் கனெக்டரில் தண்ணீரைத் தடுப்பது சின்னஞ்சிறு ரப்பர் பகுதி. திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் அது தேய்ந்து உருக்குலையும். நன்றாக வேலை செய்கிற கனெக்டரைத் தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் பராமரிப்பு. பாட்டம் பிராக்கெட்டை மாற்றவோ சீட்போஸ்ட்டை உருவவோ நேரும்போது அங்கே கைக்கு எட்டும் கனெக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியும் பகுதிகளைப் பார்ப்பதற்கு மாதம் பத்து நிமிடம் போதும். பின் டெரெய்லருக்குள் போகும் வயரின் வளைவு, ஃபிரேமிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில் உள்ள ரப்பர் அடைப்பு, ஸ்டெம் பக்கம் வயர் உரசும் இடம், சார்ஜ் துளையின் மூடி, இந்த நான்கையும் பாருங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி எந்த வயராவது விறைக்கிறதா என்று பாருங்கள்.

காலியாக இருக்கும் போர்ட்டை அப்படியே விடலாமா?

விடக் கூடாது. பயன்படாத ஒவ்வொரு போர்ட்டிலும் அதற்கென்று வரும் போலி பிளக்கைச் செருக வேண்டும். செருகுவதற்கும் அதே கருவிதான். ஃபிரேமுக்குள் இருக்கிற ஜங்ஷன் பி-யில் நனைய என்ன இருக்கிறது என்று தோன்றும். சீட்போஸ்ட் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வந்து தேங்குவது பாட்டம் பிராக்கெட்டில்தான். செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இது.

மழையில் ஓட்டலாமா? வாட்டர் சர்வீஸ் கடையில் விடலாமா?

மழையில் தாராளமாக ஓட்டலாம், அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். பிரஷரில் தண்ணீர் பீய்ச்சுவது வேறு விஷயம். அந்த அழுத்தம் ரப்பர் தடுப்பைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும். பக்கெட், ஸ்பாஞ்ச், பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புநீர், இவை போதும். தின்னர், பெட்ரோல் போன்றவை கிட்டவே வரக் கூடாது.

மழையைவிட மோசமானது வியர்வை. வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுபவர்களின் வியர்வை சொட்டு சொட்டாக ஸ்டெம் மீதும் ஹேண்டில்பார் முனையிலும் விழுகிறது. பல சைக்கிள்களில் ஜங்ஷன் ஏ இருப்பது அங்கேதான். ஃபேன் காற்றில் தண்ணீர் உலர்ந்துபோகும், உப்பு அங்கேயே தங்கும். டிரெய்னரில் ஓட்டும்போது ஹேண்டில்பார் மீது ஒரு துண்டு, முடித்ததும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டுபவர்களும் இதே துடைப்பை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கனெக்டருக்குள் பச்சையாகப் படிந்திருக்கிறது. என்ன செய்ய?

உப்போ ஈரமோ உள்ளே போய்விட்டது என்று பொருள். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். வயர் பக்கம் படிந்திருந்தால் அந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுவது உத்தமம். போர்ட் பக்கம் படிந்திருந்தால், மெல்லிய, நூல் பிரியாத குச்சியில் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, முழுதாக உலரவிட்டுப் புது வயரைச் செருகுங்கள். ஊசி, கத்தி முனை கொண்டு சுரண்டினால் உலோகப் பூச்சு போய்விடும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

கிரீஸ் தடவினால் தண்ணீர் போகாதே?

மெக்கானிக்குகளே இதில் இரண்டு கட்சி. டைஎலக்ட்ரிக் சிலிகான் கிரீஸை ரப்பர் பகுதியின் வெளிப்புறம் மிக மெல்லிதாகத் தடவுவதில் கெடுதல் இல்லை என்பது ஒரு கட்சி. ஒழுங்காக உட்கார்ந்த கனெக்டருக்கு எதுவுமே தேவையில்லை என்பது மற்றொன்று. எங்கள் சாய்வு இரண்டாவது பக்கம். கிரீஸ் அதிகமானால் கனெக்டர் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். ஆனால் பேரிங்குக்குப் போடும் கிரீஸ், செயின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றைப் போர்ட்டுக்குள் விடக் கூடாது. இதில் இரு கட்சியும் ஒன்றுதான்.

திடீரென்று கியர் மாறவில்லை. எங்கே தொடங்குவது?

ஜங்ஷன் ஏ-யின் விளக்கில் தொடங்குங்கள். விளக்கு சிவப்பாக நின்று எரிந்துகொண்டிருந்தால் சிஸ்டம் சரிசெய்யும் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் ஷிஃப்டரை அழுத்தினால் பின் டெரெய்லர் கியர் மாற்றாது, மயிரிழை அளவு மட்டும் நகரும். சைக்கிளைத் தூக்கும்போதோ பையில் வைக்கும்போதோ பட்டன் அழுந்தியிருக்கும். சிவப்பு அணையும் வரை பட்டனை அழுத்துங்கள், தீர்ந்தது. இதைத் தெரியாமல் வயரை எல்லாம் உருவிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

விளக்கு எரியவில்லையா? ஏதாவது ஒரு ஷிஃப்டர் பட்டனை அரை விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். பச்சை இரண்டு விநாடி நின்று எரிந்தால் சார்ஜ் நிறைய இருக்கிறது. பச்சை ஐந்து முறை மினுக்கினால் பாதி, சிவப்பு இரண்டு விநாடி நின்று எரிந்தால் கால்பங்கு, சிவப்பு ஐந்து முறை மினுக்கினால் ஏறக்குறைய காலி. சார்ஜ் தீரும்போது முதலில் நிற்பது முன் டெரெய்லர், பிறகு பின் டெரெய்லர். ஆகவே முன்னது மட்டும் செத்துப்போயிருந்தால் வயரைத் தேடும் முன் சார்ஜ் போடுங்கள்.

சார்ஜ் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், எது வேலை செய்யவில்லை என்பதே பாதி விடை. ஒரு ஷிஃப்டர் மட்டும் என்றால் அந்த ஷிஃப்டருக்கும் ஏ-க்கும் நடுவே உள்ள வயர். பின் டெரெய்லர் மட்டும் என்றால் முதலில் அடுத்த கேள்வியைப் படியுங்கள், பிறகு பி-யிலிருந்து போகும் வயர். மொத்தமும் செத்திருந்தால் ஏ–பி வயர் அல்லது பி–பேட்டரி வயர். இங்கே சார்ஜரை ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம்: சார்ஜ் முறையாக ஏறுகிறது என்றால் ஏ-யிலிருந்து பேட்டரி வரை பாதை திறந்திருக்கிறது, அந்த இரண்டு வயரையும் விட்டுவிடலாம்.

சந்தேகத்துக்குரிய வயர் கிடைத்ததும் அதன் இரு முனைகளையும் கருவியால் மறுபடி அழுத்துங்கள். பல சமயம் அப்போதே ‘டக்’ கேட்கும். கேட்காவிட்டால் அதே ஜங்ஷனில் வேலை செய்கிற வேறொரு வயரோடு போர்ட்டை மாற்றிப் போடுங்கள். பழுது வயரோடு கூடவே போனால் வயர் கெட்டது, போர்ட்டிலேயே தங்கினால் ஜங்ஷன் கெட்டது.

ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் நிற்கிறது, குழியில் இறங்கினால் மட்டும் நிற்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஸ்டெம் பக்கத்து வயர் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கிறது.

கீழே விழுந்த பிறகு பின் கியர் மட்டும் மாறவில்லை. வயர் அறுந்துவிட்டதா?

அறுந்திருக்க வாய்ப்புக் குறைவு. பின் டெரெய்லரில் அடிபட்டால் மோட்டாரைக் காப்பாற்ற அது தன் இணைப்பைத் தானே விடுவித்துக்கொள்ளும். 11 ஸ்பீடில், ஜங்ஷன் ஏ பட்டனை ஐந்து விநாடிக்கு மேல், சிவப்பு விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி பெடலைச் சுற்றுங்கள். டெரெய்லர் பழைய இடத்துக்கு வரும். அதற்கு முன் பின்னால் நின்று ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமில் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த ஹேங்கரோடு பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்விடும். அதற்கு வரும் செலவை வயர் செலவோடு ஒப்பிடவே முடியாது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. வயர் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் முதலில் எளியதைப் பாருங்கள்: சுவரில் சாய்த்து வைத்திருக்கும்போதோ காரில் படுக்க வைத்திருக்கும்போதோ ஷிஃப்டர் பட்டன் எதிலாவது அழுந்தி இருக்கிறதா? பட்டன் தொடர்ந்து அழுந்தியிருந்தால் சிஸ்டம் தூங்காது.

அது இல்லை என்றால் ஈரம் புகுந்த ஜங்ஷன் அல்லது தோல் உரிந்த வயர் வழியாக மின்சாரம் கசியலாம். முழு சார்ஜ் போட்டு, சந்தேகத்துக்குரிய பாகத்தை (போனோடும் சைக்கிள் கம்ப்யூட்டரோடும் பேசும் வயர்லெஸ் யூனிட் இருந்தால் முதலில் அது, பிறகு ஜங்ஷன் ஏ) ஒன்றொன்றாக விலக்கி, ஒவ்வொரு முறையும் சில நாள் சும்மா நிறுத்தி சார்ஜைப் பாருங்கள். பொறுமை வேண்டிய வேலை. பி.சி.ஈ.1 அல்லது பி.சி.ஈ.02 கருவி வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுப்பது சுலபம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈ-டியூப் ப்ராஜெக்ட் மென்பொருளோடு சேர்த்து, ஒவ்வொரு பாகத்தையும் தனியாக இணைத்துச் சோதிக்க அது ஒன்றுதான் வழி. சைக்கிளோடு வரும் பி.சி.ஆர்.2 சார்ஜரைக் கம்ப்யூட்டரில் செருகினால் சிஸ்டம் மொத்தமாகத் தெரியுமே தவிர, தனிப் பாகச் சோதனை நடக்காது.

மல்டிமீட்டர் வைத்து வயரைச் சோதிக்க முடியுமா?

முடியும். வயரின் இரு முனையையும் கழற்றி, மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையின் ஒவ்வொரு உலோகத் தொடர்பும் மறுமுனையில் ஒன்றே ஒன்றோடு மட்டும் பீப் கொடுக்க வேண்டும். ஒரே முனையின் இரண்டு தொடர்புகளுக்கும் நடுவே பீப் வந்தால் உள்ளே ஷார்ட். பீப் ஒலிக்கும்போதே வயரை நெடுக வளைத்து, குறிப்பாகக் கனெக்டர் கழுத்தை ஆட்டிப் பாருங்கள். அசையாமல் இருக்கும்போது நல்லதாகக் காட்டும் வயர் ஆட்டும்போதுதான் உண்மையைச் சொல்லும். தடித்த புரோப்பைத் திணிக்காமல் மெல்லிய குண்டூசியை நடுவே பிடித்துத் தொடுங்கள்.

ஃபிரேமுக்குள் போகும் வயரை மாற்றுவது எப்படி?

நீளத்தை முதலில் தீர்மானியுங்கள். எஸ்.டி.50 வயர் 150 மி.மீ. முதல் 1,400 மி.மீ. வரை பல நீளங்களில், பெரும்பாலும் 50 மி.மீ. படிகளில் வருகிறது. அதை வெட்டிக் குறைக்க முடியாது. பழைய வயரின் நீளம் சரியாக இருந்ததா என்று பாருங்கள். விறைப்பாக இருந்ததால்தான் அறுந்தது என்றால் அதே நீளம் வாங்குவதில் பொருளில்லை. புது வழி என்றால் ஒரு நைலான் கயிற்றை அந்த வழியே விட்டு அளந்து, அடுத்த பெரிய அளவை வாங்குங்கள்.

பிறகு வேலை:

1. தற்போது எப்படி இருக்கிறது என்று போனில் படம் எடுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள்.
2. கிராங்கையும் பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றி ஜங்ஷன் பி-யை வெளியே இழுங்கள்.
3. மாற்ற வேண்டிய வயரின் ஒரு முனையில் மெல்லிய நைலான் நூலைக் கட்டி, முடிச்சின் மேல் மெல்லிய டேப் ஒரு சுற்று. ஃபிரேமின் ரப்பர் அடைப்பைக் கழற்றிவிட்டு மறுமுனை வழியாக வயரை உருவுங்கள். நூல் வழித்தடத்தில் தங்கும்.
4. புது வயரை அந்த நூலில் கட்டி, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். தடுத்தால் பின்வாங்கி மறுபடி. பலத்தைக் காட்ட வேண்டாம்.
5. இரு முனையிலும் ‘டக்’. பேட்டரியை இணைத்து எல்லா கியரையும் மாற்றிப் பார்த்த பிறகே பாட்டம் பிராக்கெட்டை மாட்டுங்கள்.

கடைசிப் படியை அவசரத்தில் விட்டவர்கள் எல்லாவற்றையும் இரண்டாவது முறை கழற்ற நேரும். நூல் கட்ட மறந்துவிட்டால் காந்த முனை கொண்ட வயர் இழுக்கும் கருவி தேவைப்படும்.

பாட்டம் பிராக்கெட்டுக்குள் ஜங்ஷன் பி-யையும் மிச்ச வயரையும் கீழ்க்குழாய்க்குள் தள்ளிவிட்டு, நடுவே உள்ள பிளாஸ்டிக் உறையை மறக்காமல் போடுங்கள். அந்த உறை இல்லாமல் விட்டால் சுழலும் அச்சு வயரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பின் டெரெய்லர் அருகே வெளியே தெரியும் வளைவு சிறியதாக, ஆனால் விறைப்பில்லாமல் இருக்க வேண்டும். பெரிதாக விட்டால் செடி கொடியில் மாட்டும்; சக்கரத்தைக் கழற்றும்போது கையிலும் மாட்டும்.

அறுந்த வயரை ஒட்டுப்போடலாமா?

இரண்டே கம்பி என்பதால் சால்டர் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருங்கும் குழாயால் மூடி ஒட்டலாம், வேலை செய்யும். நடுவழியில் வீடு திரும்ப அது போதும். நிரந்தரமாக விட்டால் அந்த இடம் விறைத்து, வளையும்போது பக்கத்தில் அறும். ஈரமும் அங்கேதான் நுழையும்.

ஃபிரேமுக்குள் வயர் கடகடவென்று அடிக்கிறது.

வயரின் மேல் 10 செ.மீ.க்கு ஒரு சிறு கேபிள் டை போட்டு, வாலை வெட்டாமல் விட்டு, ஒன்றை ஒரு திசையும் அடுத்ததை வேறு திசையும் பார்க்க வையுங்கள். வால்கள் குழாயின் சுவரில் முட்டி நிற்கும், வயர் ஆடாது. மெல்லிய ஃபோம் உறையும் நல்லது, ஆனால் தண்ணீர் உறிஞ்சாத வகையாகப் பாருங்கள்.

சார்ஜர் விளக்கு மினுக்குகிறது, சார்ஜ் ஏறவில்லை.

சார்ஜ் போடும் இடத்தின் வெப்பம் 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் நின்ற காருக்குள் இருந்து எடுத்த சைக்கிளை ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். அடாப்டர் 1 ஆம்பியருக்குக் குறைந்தது என்றாலும் இதே தொல்லை வரும். நல்ல அடாப்டரில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பும், கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி.யில் மூன்று மணி நேரம் ஆகலாம். சார்ஜ் துளையில் ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள், முடித்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள்.

விமானத்தில் கொண்டுபோக வயரைக் கழற்ற வேண்டுமா?

பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றினால் போதும். பெட்டிக்குள் பட்டன் அழுந்தினாலும் எதுவும் அசையாது. சீட்போஸ்ட்டை உருவும்போது ஃபிரேம் பக்கத்து வயர் உள்ளே நழுவி விழாமல் டேப்பால் வெளியே ஒட்டிவையுங்கள். பேட்டரி 7.4 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 3.7 வாட் மணி. விமானங்களின் பொதுவான 100 வாட் மணி வரம்புக்கு மிகவும் கீழே. தனியாக எடுத்துச் செல்லும் கூடுதல் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

12 ஸ்பீடு வயர்லெஸ் என்கிறார்கள். அதில் வயர் பராமரிப்பே இல்லையா?

இருக்கிறது, குறைவு. ஷிஃப்டர்கள் மட்டும்தான் வயர்லெஸ்; ஒவ்வொன்றிலும் சி.ஆர்.1632 வகை பட்டன் பேட்டரி. இரண்டு டெரெய்லரும் எஸ்.டி.300 வயர் வழியாக நேராக சீட்போஸ்ட் பேட்டரிக்குப் போகின்றன. ஸ்டெம் பக்கத்து வயர் தொல்லைகள் இதில் ஒழிந்தன. மிச்சமிருப்பது சீட்போஸ்ட்டில் உள்ள கனெக்டரும் பின் டெரெய்லர் அருகே உள்ள வளைவும். ஜங்ஷன் ஏ கிடையாது. பட்டனும் சார்ஜ் துளையும் பின் டெரெய்லரிலேயே, சேறு தெறிக்கும் இடத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த மூடியை மற்றவற்றைவிட அடிக்கடி பாருங்கள். ஷிஃப்டர் ஒன்று மட்டும் நின்றுவிட்டால் வயரைத் தேடாமல் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

நீண்ட பயணத்துக்கு என்னென்ன எடுத்துச் செல்ல?

கனெக்டர் கருவி, போலி பிளக் இரண்டு, உங்கள் சைக்கிளில் உள்ளதிலேயே மிக நீளமான அளவில் ஒரு வயர். அது நீளமாக இருந்தால் எந்த வயருக்குப் பதிலாகவும் ஃபிரேமுக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி ஓட்டிவிடலாம்; பார்க்க அசிங்கமாக இருக்கும், கியர் மாறும். சார்ஜரை ஹோட்டலில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.